பதக்கப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்



ஒரு பெரிய விளையாட்டுப் போட்டி முடிந்ததும் நாம் முதலில் தேடுவது பதக்கப் பட்டியலையே. எந்த நாட்டிற்கு எத்தனை தங்கம் என்று எண்ணிப் பார்த்ததும் போட்டி முழுவதையும் அறிந்துவிட்டதாகத் திருப்தி கொள்கின்றோம். அப்பட்டியல் உண்மையில் எதைச் சொல்கின்றது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயம். அதற்கு உதாரணமாக, 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி முதல் 14ஆம் திகதி வரை பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் நடைபெற்ற முதலாவது உலக மெய்வல்லுநர் போட்டியைப் பார்ப்போம்.

அப்போட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கை ஆபிரிக்க நாடுகள் பல பகிஷ்கரித்தன. 1980இல் அமெரிக்கா மொஸ்கோவிற்குச் செல்லவில்லை. 1984இல் சோவியத் நாடு லொஸ் ஏஞ்சல்ஸிற்குச் செல்லவில்லை. அரசியற் பகை மைதானங்களைப் பிரித்து வைத்த அக்காலத்தில், 150இற்கு மேற்பட்ட நாடுகள் பகைமை பாராது ஒன்றுகூடிய இடம் ஹெல்சிங்கி.

அங்கே முதலிடம் பெற்ற நாடு எது? தங்கத்தை மட்டும் எண்ணினால் கிழக்கு ஜேர்மனி: அதற்கு 10 தங்கம், அமெரிக்காவிற்கு 8, சோவியத் நாட்டிற்கு 6. மொத்தப் பதக்கங்களை எண்ணினாலோ அமெரிக்கா 24, சோவியத் நாடு 23, கிழக்கு ஜேர்மனி 22 என்று வரிசை மாறிவிடுகின்றது. முதலாவது மூன்றாவதாகிவிட்டது! நமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் முறையை நாம் அறிவோம். புள்ளி வழங்கும் முறையை மாற்றினால் கேடயம் வேறு இல்லத்திற்குப் போய்விடவும் கூடும். ஓடியவர்களும் அவர்கள் ஓடிய வேகமும் மாறவில்லை. எண்ணியவரின் முறையே மாறியது.

இது சிறிய விடயம். பெரிய விடயம் ஒன்று உண்டு. 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றான பின்னர், கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பத்திரங்கள் வெளிவந்தன. 1974 முதல் அரசே ஒரு திட்டம் வகுத்து, ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரருக்கு வலுவூட்டும் மருந்துகளைக் கொடுத்து வந்தது. அவர்களுட் பலர் பராயமடையாத சிறுமியர். வைற்றமின் மாத்திரை என்று சொல்லியே பலருக்கு அவை கொடுக்கப்பட்டன. குரல் தடித்தவர்களும், ஈரல் கெட்டவர்களும், ஆயுள் முழுவதும் நோயாளராய் வாழ்ந்தவர்களும் அவர்களுள் உளர். விளையாட்டுத்துறைத் தலைவராயிருந்த மன்பிரட் ஏவால்ட் என்பவரும், மருத்துவராகிய மன்பிரட் ஹொப்னர் என்பவரும் 2000ஆம் ஆண்டிலே பேர்லின் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். இதைக் கொண்டு அந்நாட்டு வீரர் ஒவ்வொருவரையும் பழிப்பது நீதியன்று. அறியாமல் விழுங்கிய பிள்ளை என்ன பிழை செய்தது? பட்டியலின் உச்சியில் நிற்க வேண்டும் என்ற ஆசைக்குப் பிள்ளைகளின் சரீரத்தை விலையாகக் கொடுத்தவர்களே பிழை செய்தவர்கள்.

இந்நோய் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்கரான மரியன் ஜோன்ஸ், தாம் மருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டார். அதனால் மூன்றாவதாக வந்த நமது சுசந்திகா ஜயசிங்க 2009இல் வெள்ளிப் பதக்கத்திற்கு உரியவரானார். அவருக்கு நியாயமாய்க் கிடைக்கவேண்டிய கௌரவம் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது.

அப்படியானால் பதக்கங்களால் ஒரு பயனும் இல்லையா? உண்டு. ஹெல்சிங்கியில் மகளிர் மரதனை வென்றவர் நோர்வே நாட்டின் கிறேற்றா வைற்ஸ். பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் ஓட்டமே இல்லாதிருந்த காலம் அது. இரண்டாவதாக வந்தவரை அவர் மூன்று நிமிடம் முந்தினார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கிலும் பெண்கள் மரதன் ஓடினர். ஈட்டியெறிதலில் பின்லாந்தின் ரீனா லில்லாக் கடைசிச் சுற்று வரை பிரித்தானிய வீராங்கனைக்குப் பின்னாலேயே நின்றார். தமது இறுதி எறிதலில் 70.82 மீற்றர் எறிந்து வென்றார். போட்டியை நடத்திய நாட்டிற்குக் கிடைத்த ஒரேயொரு தங்கம் அது. பத்துத் தங்கம் பெற்ற நாட்டின் பெயர் இன்று உலகப் படத்தில் இல்லை. அந்த ஓர் ஈட்டியைப் பின்லாந்து மக்கள் இன்னும் மறக்கவில்லை.

இளைஞர்களாகிய நாம் வெற்றியை விரும்பவேண்டும். அதற்காக உழைக்கவும் வேண்டும். ஆனால் நம் சரீரம் பிறருடைய கணக்கிற்கு இடப்படும் புள்ளியன்று. பயிற்றுவிப்பவர் தரும் எதையும் என்னவென்று கேளாமல் விழுங்குவது பணிவாகாது. பெரியோர்களிடமும் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளை மைதானத்திலிருந்து வீடு திரும்பும்போது, “எத்தனையாவதாக வந்தாய்?” என்று கேளுங்கள், அதிற் குறையில்லை. அதனோடு, “எப்படி ஓடினாய்?” என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பார் இல்லாத நாட்டிலேதான் பிள்ளைகளுக்கு மாத்திரை ஊட்டப்பட்டது.