பிழைகளின் தடம்: மொழி மாதிரிகள் பகுத்தறிகின்றனவா, ஊகிக்கின்றனவா?

   

மொழி மாதிரிகள் பகுத்தறிகின்றனவா, ஊகிக்கின்றனவா என்ற வழக்கு உங்களில் பலருக்குத் தெரியும். மொழி மாதிரி அடுத்த சொல்லைக் கணிக்கும் இயந்திரம், ஆகவே அது செய்வதெல்லாம் ஊகமே என்கிறார்கள் ஒரு சாரார். கணிதத் தேர்வில் அது வாங்கும் மதிப்பெண்ணைக் காட்டி, பகுத்தறியாமல் இது வருமா என்கிறார்கள் மறுசாரார். இரு சாராரோடும் பல கருத்தரங்குகளில் நான் வாதாடியிருக்கிறேன். முன்னவர்கள் பயிற்சி நடந்த விதத்தைச் சொல்லிவிட்டு, பயிற்சியில் விளைந்தது என்ன என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள். பின்னவர்கள் விடைத்தாளின் கடைசி வரியோடு நின்றுவிடுகிறார்கள். பிழை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பாருங்கள் என்பதே என் வாதம்.

2023இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்களான தாமஸ் மெக்காய், தாமஸ் கிரிஃபித்ஸ் குழுவினர் ஜிபிடி-4க்கு ஓர் எழுத்து நகர்த்தல் மறைகுறியைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதுவது அது: ஏ என்பது என் ஆகும், பி என்பது ஓ ஆகும். அவிழ்த்தால் கிடைக்கும் வாக்கியம் பழகியதா, அரியதா என்பதற்கு இந்த விதியில் இடமே இல்லை. ஆயினும் விடை இயல்பான வாக்கியமாக இருந்தபோது ஜிபிடி-4 நூற்றுக்கு 51 முறை சரியாக அவிழ்த்தது. அரிய வாக்கியமாக இருந்தபோது 13 முறைதான். ஊகம் என்போருக்கு இது வலுவான சான்று. நான் மறுக்கவில்லை.

ஆனால் ஊகம் என்போர், 2024இல் அக்‌ஷரா பிரபாகர், அதே கிரிஃபித்ஸ், மெக்காயுடன் சேர்ந்து செய்த ஆய்வையும் படிக்க வேண்டும். அதில் ஜிபிடி-4இடம் 1 முதல் 25 வரையிலான நகர்த்தல்களைப் படிப்படியாக எழுதி அவிழ்க்கச் சொன்னார்கள். 13இல் துல்லியம் திடீரென உயர்கிறது. இணையத்தின் பழைய உரையாடல் குழுக்களில் புதிரின் விடையை மறைக்க மக்கள் கையாண்டது இந்த 13தான். பயிற்சித் தரவில் அது நிறைய உண்டு. இது நினைவு. விடைச்சொல் எவ்வளவு பழகியது என்பதை மாற்றினால் துல்லியம் 26 விழுக்காட்டிலிருந்து 70 வரை போகிறது. இது ஊகம். அடுத்ததைத்தான் ஊகம் என்று வாதாடும் என் நண்பர்கள் பேசுவதில்லை. நகர்த்தல் கூடக்கூடத் துல்லியம் சரிகிறது; 25ஐ நெருங்கும்போது மீண்டும் ஏறுகிறது. ஏன்? 26 எழுத்துகளையும் வட்டமாக வைத்தால், 25 இடம் பின்னால் போவதும் ஓர் இடம் முன்னால் போவதும் ஒன்றே. ஊகத்துக்கு இத்தனை அடிகள் என்ற கணக்கே கிடையாது. அடிக்கு அடி தவறக்கூடிய ஒரு கணக்கு நடந்தால்தான் பிழை இப்படி ஏறி இறங்கும். ஒரே விடைத்தாளில் நினைவு, ஊகம், கணக்கு மூன்றும் கலந்திருக்கின்றன. ஆகவே ‘பகுத்தறிகிறதா’ என்று மொத்தமாகக் கேட்பதை விட்டு, எந்த வினாவில், எந்த அளவுக்கு என்று கேட்போம்.

பின்னர் வந்த, பகுத்தறிவதற்கென்றே பயிற்றுவித்த ஓ1 மாதிரியில் ஊகத்தின் சாயல் குறைந்திருக்கிறது, மறையவில்லை.

மாதிரியே தரும் விளக்கத்தைச் சாட்சியாகக் கொள்ளலாமா? கூடாது. 2025இல் ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் கிளாட் 3.5 ஹைக்கூ மாதிரி 36ஐயும் 59ஐயும் கூட்டுவதை உள்ளே பார்த்தார்கள். ஒரு பாதை தோராயத்தையும் இன்னொரு பாதை கடைசி இலக்கத்தையும் கண்டன. எப்படிக் கூட்டினாய் என்றதற்கோ, மீதி 1ஐப் பத்துகளோடு சேர்க்கும் பள்ளி முறையை அது சொன்னது.

நேரம் குறைவு, செய்ய வேண்டியவற்றைத் தொட்டுச் செல்கிறேன். மாதிரிகளைச் சோதிக்க, 2022இல் 250 பள்ளிக் கணக்குகளைப் பத்து மொழிகளில் பெயர்த்து ஒரு தொகுப்பு வந்தது. தெலுங்கும் வங்கமும் உண்டு, தமிழ் இல்லை. அதை நாம் செய்யலாம். எண்களையும் பெயர்களையும் மாற்றி, 2024இல் ஆப்பிள் ஆய்வாளர்கள் செய்ததுபோல் தேவையற்ற தகவலைச் செருகியும் பார்க்கலாம். தமிழ் மெய்கள் 18ஐ மட்டும் நகர்த்தும் மறைகுறி ஒன்றும் வேண்டும்; அங்கே 13இன் நினைவு கைகொடுக்காது. ஒட்டியிருக்கும் உயிர்க்குறிகளை என்ன செய்வது என்பதை மொழியியல் துறையினர் முடிவு செய்யட்டும்.