கல் தூணும் குடிநீர்க் குழாயும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு. அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாளும் இருக்கிறார். ஊர்த்துவ தாண்டவம் ஆடும் சிவனும் இருக்கிறார். அந்தச் சிற்பங்களைச் சிற்பி மட்டும் செய்துவிடவில்லை. பாறையைப் பிளந்தவர், வண்டியில் இழுத்து வந்தவர், உளிக்கு முனை தீட்டிய கொல்லர், அத்தனை பேருக்கும் நெல் விளைவித்த உழவர் என ஊரே சேர்ந்துதான் தூண் எழுந்தது. தாங்கள் பார்க்கப்போகாத தலைமுறைக்காக உழைத்தார்கள். ஊருக்குத் திட்டமிடுவது என்பதும் அதுதான்.

குடிநீரும் சாக்கடையும் சரியாகட்டும், கலை பிறகு என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிக்குரிய 18 பொறுப்புகளில் நகரத் திட்டம், குடிநீர் ஆகியவற்றோடு பண்பாட்டையும் அழகுணர்வையும் வளர்ப்பதைச் சேர்த்தே வைத்திருக்கிறது. வாய்க்காலை வெட்டப் பணம் போதும். அதில் குப்பை கொட்டாமல் காக்க ஊர் ஒன்றுபட வேண்டும். கூடி நிற்கும் அந்தப் பழக்கத்தைக் கூத்தும் பறையும் திருவிழாவும் வளர்க்கின்றன.

அந்தக் காலத்து ஊர் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்று கேட்கலாம். இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே முன்னோரின் கைத்திறனை எடுத்துக்கொள்வோம். அவர்கள் அடைத்த கதவைத் திறந்து வைப்போம். பேரூராட்சி அடுத்த திட்டம் தீட்டும்போது, குழாயோடு ஒரு கலையரங்கமும், அதில் எல்லாத் தெருவுக்கும் சம இடமும் கேட்போம்.