மருந்துச் சீட்டும் மூத்தோர் நலனும்

(ஓய்வூதியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் உட்கொள்ளும் மூதாட்டிக்குக் கணுக்கால் வீங்குகிறது. அது மருந்தின் விளைவா என்று எவரும் ஆராயாமல், வீக்கம் வடிய நீர்பிரியும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்து, எழுந்தவுடன் தலைசுற்றி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. ‘வயதாகிவிட்டது’ என்று அனைவரும் அமைதி கொள்கின்றனர்.

வயது மட்டுமே காரணமன்று. முதுமையில் சிறுநீரகமும் கல்லீரலும் பல மருந்துகளை மெதுவாகவே வெளியேற்றுகின்றன. இளையோருக்கு ஏற்ற அளவு மூத்தோருக்கு மிகையாகிறது.

இதற்கு வணிகமும் துணைபோகிறது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், இரு மருத்துவர்களிடம் செல்பவர் அதையே இருமுறை விழுங்க நேர்கிறது. வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க ஹாத்தி குழு 1975-லேயே பரிந்துரைத்தது. இலாப நலனே இன்றும் வென்று நிற்கிறது.

2010 முதல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் நோயாளியே பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

நம் கிளைகளின் கடமை தெளிவானது. மூத்தோர் தாம் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் மருத்துவரிடம் காட்டத் துணைநிற்போம். எவரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை. அரசு மருத்துவமனைகளில் மருந்துகளைச் சரிபார்த்து விளக்கப் போதிய மருந்தாளுநர்களை நியமிக்கக் கோரிப் போராடுவோம்.