கடைசிக் குழாயில் எத்தனை நிமிடம்?

(வல்லத்தில் மார்ச் 20 மாலை, மகத் போராட்ட நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1927இல் இதே நாளில் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு ஆதிக்கச் சாதியினர் சாணமும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றி அந்தக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். சாணம் கலந்தால் சுத்தமாம், மனிதர் கை பட்டால் அசுத்தமாம்!

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீரைப் பாருங்கள் என்றார் மருத்துவர். தொட்டியில் ஏறிப் பார்த்தால் மலம். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்த மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

ஆனால் வேங்கைவயல் செய்தியாவது ஆயிற்று. செய்தியே ஆகாத ஒன்றைப் பேசத்தான் வந்தேன்: நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது?

அழுக்குத் தண்ணீரால் நோய் வரும் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் போதாமல் வரும் நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க வீடுகளை ஆராய்ந்து 1972இல் வந்த ஒரு நூல் இதைத் தனி வகையாகவே பிரித்தது. சொறி, சிரங்கு, கண்நோய், கை வழியாகப் பரவும் வயிற்றுப்போக்கு இதில் சேரும். தண்ணீர் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு குடம்தான் கிடைத்தது என்றால் எது முதலில் நிற்கும்? சோறு நிற்காது. கை கழுவுவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும்தான் நிற்கும்.

என் அம்மா பகலில் தண்ணீரே குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க வேண்டும், கழுவ வேண்டும். நீர்க்கடுப்பு எங்கள் தெருப் பெண்களுக்கு நோயாகவே தெரிந்ததில்லை, 'சூடு' என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது டிரம். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் பிடித்துத்தான் வைக்க முடியும். டெங்கு காலத்தில் பணியாளர் வந்து டிரம்மைக் கவிழ்த்துவிட்டுத் திட்டிப் போவார். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அவர் சொல்வது சரி. ஆனால் திட்டு வாங்க வேண்டியவர்கள் நாமா?

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் நண்பர்கள், எங்கள் ஊரில் குழாய் போகும் பாதையைப் பார்க்கட்டும். தொட்டி ஊருக்குள், காலனி குழாயின் கடைசியில். ஊர்த்தெரு நிரம்பிய பிறகு மிச்சம் வரும். தண்ணீர் நின்றதும் காலிக் குழாய், உடைசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். தொட்டியில் போட்ட குளோரினும் வழியெல்லாம் குறைந்துகொண்டே வரும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். யார் அளந்தார்கள்?

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடமென்றால் பதினெட்டுக் குடத்துக்கு மேல். குழாய் நட்டுப் படமெடுத்துக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். உங்கள் வீட்டில் எத்தனை குடம் நிரம்புகிறது என்று அம்மாக்களைக் கேளுங்கள். குடம் தூக்குவது அவர்கள்தானே.

நாளை மறுநாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை. அதற்குள் கைப்பேசியில் நேரம் வைத்து, தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும் காலனியின் கடைசிக் குழாயிலும் எத்தனை நிமிடம் வருகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். குளோரின் பார்க்கும் பெட்டி ஊராட்சியில் இருக்க வேண்டும், எடுத்துவரச் சொல்லுங்கள். சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். கடைசிக் குழாய்த் தண்ணீரில் எல்லோர் முன்னாலும் அதைச் செய்யச் சொல்லுங்கள். வால்வைத் திறக்கும் நேரத்தைத் தெருவாரியாகத் தீர்மானப் பதிவேட்டில் எழுதட்டும். வெற்றுத்தாளில் முதலிலேயே கையெழுத்துக் கேட்பார்கள். எழுதி முடித்து, படித்துக் காட்டிய பிறகு போடுங்கள்.