மூலையில் நிற்கும் அண்ணன்

‘பைசன் காளமாடன்’ படம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் படத்துக்குக் கருவான மணத்தி கணேசன் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் பேரைச் சொன்னால் எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் படம் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வருகிற பையன்களில் பத்துக்குப் பத்துப் பேரும் ‘அண்ணாச்சி, நான் ரைடு போறேன்’ என்கிறார்கள். சரிடே, எல்லாரும் பாடிப் போனால் பிடிக்கிறது யார்? அந்த எரிச்சலில்தான் இந்த ஒலிவாங்கி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஊர்க்காரரை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்க்காரரைப் பேசப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

தஞ்சாவூர்க்காரர் என்றது தர்மராஜ் சேரலாதனை. ரைட் கார்னர். அதாவது தடுக்கிற அணியின் வலது மூலையில் நிற்பவர். புரோ கபடியில் எந்த அணிக்குப் போனாலும் அவருக்கு ஒரே பெயர்தான், ‘அண்ணா’. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அரியானாப் பையனும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான்.

மூலையில் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று கேளுங்கள். போனஸ் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவில் இருப்பது 1.75 மீட்டர். ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் முடிந்தது, அவ்வளவுதான் இடம். பாடி வருகிறவன் அங்கே காலை நீட்டுவான். போனஸ் புள்ளி வேண்டுமென்றால் ஒரு கால் அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்ற வேண்டும், மற்றக் கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அந்த நேரம் அவன் உடம்பு மொத்தமும் ஒரே காலில் நிற்கிறது. கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த ஊன்றிய காலின் கணுக்காலை, இரண்டு கையாலும், தரையோடு தரையாக விழுந்து பிடிக்க வேண்டும். பிடித்த கையோடு பின்னால் இழுக்க வேண்டும். அரை நொடி முந்தினால் கால் உங்கள் கைக்கு மேலே பறந்துவிடும். அரை நொடி பிந்தினால் நீங்கள் பிடித்திருப்பது வெறும் காற்று. இதில் பலத்துக்கு ரெண்டாவது இடம்தான். முதல் இடம் பொறுமைக்கு. மறுபடியும் சொல்கிறேன், பொறுமைக்கு.

எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு ஊரில் கோயில் கொடை, மறுநாள் ராத்திரி மின்னொளிக் கபடி. கடைசி ஆட்டம், கடைசி ரைடு, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். வந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நானும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அங்கேதான் பிழை. கால் வரும் முன்னே விழுந்தேன், என் முதுகை ஒரு தட்டுத் தட்டி, போனஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பரிசுக் கிடாய் எதிர் அணி லாரியில் ஏறிப் போனது. திரும்பி வருகிற வழியெல்லாம் எங்கள் கேப்டன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேரலாதன் ஆடிய பழைய ஆட்டங்களைப் பாருங்கள். அவர் கண் எதிராளியின் முகத்துக்கே போகாது, காலில்தான் இருக்கும். ஒரு அடி பின்வாங்குவார். பயந்துவிட்டாரோ என்று நமக்கே தோன்றும். அது பயமில்லை, இடம் கொடுத்து உள்ளே இழுப்பது. இன்னும் கொஞ்சம் வா, இன்னும் கொஞ்சம் வா என்று காட்டி, வந்ததும் அமுக்குவது.

2016இல் புரோ கபடியில் பட்னா பைரேட்ஸ் அணி அவரைக் கேப்டனாக்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த அணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாடிப் போக இளம் பையன் பிரதீப் நர்வால். இடது மூலையில் ஈரான்காரர் ஃபஸல் அத்ராசலி, வலது மூலையில் நம்ம அண்ணா. இரண்டு மூலையிலும் இப்படி இரண்டு பேர் நின்றால் பாடி வருகிறவன் எங்கே போவான்? அந்த ஆண்டு ஜூலை 31, ஹைதராபாத்தில் இறுதி ஆட்டம். ஜெய்ப்பூர் அணியை 37க்கு 29 என்று வென்றார்கள். பட்னா மூன்று முறை தொடர்ச்சியாகக் கோப்பை வாங்கியது. அதில் நடுக் கோப்பை சேரலாதன் தலைமையில் வந்தது. மற்ற இரண்டையும் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இதைச் சொல்லாமல் போகக் கூடாது. அதே 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி, இந்தியாவும் ஈரானும். மூன்று மாதம் முன்பு ஒரே அணியில் இரு மூலை காத்த ஃபஸலும் சேரலாதனும் எதிரெதிர் அணியில். பாதி ஆட்டத்தில் இந்தியா பின்தங்கியிருந்தது. முடிவில் 38க்கு 29, கோப்பை நமக்கு. அன்று புள்ளிகளை அள்ளியது அஜய் தாக்கூர், மறுக்கவில்லை. மறுநாள் எல்லோர் வாயிலும் அவர் பேர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இது கபடியில் மட்டுமில்லை. என் தாத்தா முத்துச் சலாபத்தில் தோணியில் நின்று கயிறு பிடித்தவர். நம்ம கடலில் 1961 சலாபத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. இன்றைக்கும் மூச்சடக்கிக் குதித்தவர் கதையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மேலே நின்றவர் கயிற்றின் அசைவு தெரிந்ததும் இழுக்க வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. தாத்தா கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் வீட்டிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

இப்போது கபடியில் பிடிக்கிறவர்களுக்கும் ஏலத்தில் கோடிகள் கிடைக்கின்றன, சந்தோஷம்தான். ஆனாலும் தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது தாவிக் குதித்துத் தப்பிக்கிற ரைடைத்தான். பிடியைக் காட்டினாலும் நாலு பேர் மேலே விழுந்து மூடிய பிறகுதான் காட்டுகிறார்கள். முதல் கை எப்போது போனது, எங்கே போனது? அதைக் காட்ட மாட்டார்கள்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இந்த வருஷம் உங்கள் ஊர்க் கொடையில் மின்னொளிக் கபடி நடந்தால் நடுக்கோட்டுப் பக்கம் உட்காராதீர்கள். பின்கோட்டு மூலைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, கார்னரில் நிற்கிறவன் கையை மட்டும் பாருங்கள். மணல் கண்ணில் தெறிக்கும், ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.