மறைத்த கடன் வளரும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. இறைவனிடம் வேண்டிக்கொண்டதைச் செலுத்துவதை ‘நேர்த்திக்கடன்’ என்கிறோம். பிள்ளையின் நோய் தீர்ந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட தாய், எத்தனை இடர் வந்தாலும் அதை மறப்பதில்லை. அந்த வேண்டுதலை அவர் மறைப்பதும் இல்லை. உற்றாரிடம் சொல்கிறார், நாள் குறிக்கிறார், உறவினர் உடன் நடந்து வருகின்றனர். எல்லாரும் அறியச் செலுத்துவதனால் அந்தக் கடன் பாரமாகத் தெரிவதில்லை.

இன்னொரு கடன் உண்டு. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. கட்டிய மனைவிக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. கோயிலில் பக்கத்தில் அமர்ந்து தேவாரம் பாடுகிறவருக்கும் தெரியாது. கடன்பற்று அட்டையினால் வந்த கடனே அது. இந்தத் திருவிழாக் காலத்தில் அதைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். மனச்சுமையோடு சந்நிதியில் நிற்பவர்களுள் இந்தச் சுமையைச் சுமப்பவர்களும் இருக்கின்றனர். ஆகவே இதைப் பேசுவதற்கு ஆலயத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். குடும்பத் தலைவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 3,500 வெள்ளி. ஊழியர் சேமநிதிப் பிடித்தம் போக, கைக்கு வருவது 3,100 வெள்ளி அளவே. அவரிடம் மூன்று கடன்பற்று அட்டைகள் இருக்கின்றன. மூத்த மகளின் கல்லூரிச் செலவுக்கு ஓர் அட்டை. தந்தையாரின் மருத்துவச் செலவுக்கு இரண்டாவது அட்டை. முதல் இரண்டையும் சமாளிக்க மூன்றாவது அட்டை. ஊதாரித்தனம் என்று சொல்லக்கூடிய செலவு ஏதும் அவர் செய்யவில்லை. ஆயினும் மூன்றிலும் சேர்ந்த நிலுவை 24,000 வெள்ளி.

இது எப்படி நேர்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மாதந்தோறும் முழுத் தொகையையும் உரிய நாளில் கட்டிவிடுபவருக்குக் கடன்பற்று அட்டை வசதியான பொருள்தான். பொருள் வாங்கிய தொகைக்கு வட்டி இல்லை. முழுவதும் கட்டாமல் மீதி வைப்பவருக்கோ ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு 15. பலமுறை தவணை தவறியவருக்கு 18. மீதி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தாமதமாகக் கட்டினால் நிலுவையில் ஒரு விழுக்காடு தண்டம். அது 10 வெள்ளிக்குக் குறையாது, 100 வெள்ளியைத் தாண்டாது.

பட்டியலின் அடியில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இவற்றுள் எது அதிகமோ அது. பலரை ஏமாற்றுவது இந்த எண்தான். அதைக் கட்டிவிட்டால் கடன் ஒழுங்காக அடைகிறது என்று நினைத்துவிடுகின்றனர்.

நம் மேற்பார்வையாளரின் ஓர் அட்டையில் 8,000 வெள்ளி நிலுவை. 18 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி மட்டும் 120 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை ஏறத்தாழ 400 வெள்ளி. மாதந்தோறும் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால், நிலுவை குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். புதிதாக ஒரு காசு செலவிடாவிட்டாலும் கடன் தீர ஏறத்தாழ 80 மாதங்கள் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் 3,000 வெள்ளிக்கு மேல் போய்விடும். அதே மனிதர், முதல் மாதம் கட்டிய 400 வெள்ளியைக் குறைக்காமல் மாதந்தோறும் கட்டி வந்தால், 24 மாதங்களில் கடன் தீரும். வட்டி 1,600 வெள்ளிக்குள் அடங்கும். தொடக்கத்தில் கட்டிய தொகை ஒன்றே. குறைக்காமல் கட்டியதனால் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் மிச்சமாகிறது.

ஆனால் மூன்று அட்டைகளுக்கும் குறைந்தபட்சமே மாதம் 1,200 வெள்ளி. 3,100 வெள்ளியில் வீட்டு வாடகை, உணவு, பள்ளிச் செலவு போக அது எங்கிருந்து வரும்? ஆகவே ஓர் அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்து மற்றொன்றுக்குக் கட்டினார். ரொக்கம் எடுத்தால் பொதுவாக 5 விழுக்காடு கட்டணம் உடனே கழிகிறது. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடத் தொடங்குகிறது. ஒரு குழியை மூட மற்றொரு குழியைத் தோண்டிய கதைதான்.

அவ்வாண்டுத் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர் பெயரில் இருந்தது. பல ஆண்டுகளாகத் தந்தையார் செய்து வந்த உபயம். இந்த ஆண்டு இயலாது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. 1,000 வெள்ளியை அட்டையிலிருந்து ரொக்கமாக எடுத்து உபயத்தைச் செய்தார். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் தலை குனிந்திருந்தார். அடக்கம் என்று மற்றவர் எண்ணிக்கொண்டனர்.

வங்கியிலிருந்து வந்த கடிதங்களை அவர் பிரிக்கவில்லை. பூசை அறையில் சுவாமி படத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்தார். வங்கியின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கவில்லை. ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வரும் வழியில் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ‘உடனடிக் கடன்’ விளம்பரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அது ஆலோங் எனப்படும் வட்டி முதலைகளின் எண். அந்த வாசலில் நுழைந்தவர்கள் பட்ட பாட்டையும், வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட செய்திகளையும் அறியாதவர் நம்மிடையே இல்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை. பூசை அறையைத் துடைக்கப் படங்களை எடுத்த மனைவி, பிரிக்காத கடிதங்களைக் கண்டார். அவர் சத்தம் போடவில்லை.

“இவ்வளவையும் தனியாகவா சுமந்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று மட்டும் கேட்டார்.

“சொன்னால் என் மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன்” என்றார் கணவர்.

“மதிப்புப் போனால் உழைத்து மீட்டுக்கொள்ளலாம். நீங்கள் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம்?” என்றார் அந்த அம்மையார்.

அன்றிரவு இருவரும் எல்லாக் கடிதங்களையும் பிரித்து, ஒரு தாளில் கணக்கெழுதினர். விளக்குக் கம்பத்து எண் கிழித்தெறியப்பட்டது.

இத்தகைய குடும்பங்கள் எங்கே போவது? பேங்க் நெகாரா மலேசியா 2006-ஆம் ஆண்டில் ‘ஏகேபிகே’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை அமைத்தது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, வங்கிப் பட்டியல்கள், மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றுடன் சென்றால், ஆலோசகர் வரவையும் செலவையும் வரிசைப்படுத்திப் பார்ப்பார். குடும்பச் செலவு போக மீதம் இருக்குமாயின், கடன் நிர்வாகத் திட்டத்தின்கீழ் வங்கிகளுடன் பேசித் தவணைகளைத் திருத்தி, கட்டக்கூடிய ஒரு மாதத் தொகையாக அமைக்க முயல்வார்.

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். அந்நிறுவனம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. கடன் கொடுப்பதும் இல்லை. திட்டத்தில் சேர்ந்தவர் அட்டைகளைக் கைவிட வேண்டும். தவணை தவறக் கூடாது. அது எளிதான வழி அன்று. ஆனால் முடிவு தெரிகிற வழி. ‘உங்கள் கடனை நாங்கள் தீர்த்துத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இலவசமாகக் கிடைக்கும் உதவிக்கு இடையில் ஆள் எதற்கு?

ஒரு தவணை கட்ட இயலாது என்று தெரிந்தவுடனே வங்கிக்குச் சென்று சொல்லிவிடுவதும் நன்று. நாள் கடந்தபின் கெஞ்சுவதை விட, முன்னதாகப் பேசுபவருக்கே வழிகள் அதிகம். வாய் திறவாதிருந்தால், கடன் பதிவேட்டில் தவறிய தவணைகள் இடம்பெறும். நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னே வந்து நிற்கும். நிலுவை வளர்ந்தால் வழக்கும் வரலாம். ஒருவரை நொடிப்பு நிலைக்கு உள்ளாக்க வழக்குத் தொடுப்பதற்கான குறைந்தபட்சக் கடன் 2017-இல் 50,000 வெள்ளியாகவும், 2020-இல் 100,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. ‘நம் கடன் அவ்வளவு இல்லையே’ என்று நிம்மதி கொள்ளலாகாது. அந்தத் தொகையை எட்டாத கடனுக்கும் வங்கி நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற முடியும்.

கடனைவிடக் கொடியது, கடனால் வரும் தனிமை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் தலைதூக்குமாயின், அக்கணமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள், குறை கூறாமல் செவிசாய்ப்பதையே பணியாகக் கொண்டவர்கள். எத்தனை பெரிய கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

நிர்வாகக் குழுவினருக்குப் பணிவான ஒரு விண்ணப்பம். உபயகாரர் ஒருவர் ‘இந்த ஆண்டு இயலாது’ என்றால் ஏன் என்று கேளாதிருப்போம். அவருடைய நாளை வேறொருவர் பகிர்ந்துகொள்ளட்டும். வேறு எதுவும் இயலாதவர் ஒரு முழம் பூ கொண்டுவந்தால், அதையும் உபயமாகவே ஏற்போம். அட்டையில் எடுத்த பணத்தில் தனக்கு அலங்காரம் வேண்டும் என்று அம்பாள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆலயத்தில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கடன் ஆலோசனைக் கூட்டம் நடைபெறட்டும், ஆலோசகரை அழைப்போம், படிவம் நிரப்ப இயலாத முதியவர்களுக்கு நம் இளைஞர்கள் துணை நிற்கட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றுகூடிப் பேசுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1960-ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நிற்க இடமின்றித் தவித்தபோது, துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தனியாக இருந்தபோது கைவிடப்பட்டவர்கள், ஒன்றாகப் பேசியபோது உடைமையாளர் ஆயினர். சிறு துளி பெருவெள்ளம் என்பது வட்டிக்கும் பொருந்தும்; சேமிப்புக்கும் பொருந்தும். எதை வளர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் பிரிக்காத கடிதம் ஏதேனும் இருந்தால், வீட்டாருடன் அமர்ந்து அதைப் பிரியுங்கள். நேர்த்திக்கடனை எல்லாரும் அறியச் செலுத்துவது போல, இந்தக் கடனையும் வெளிச்சத்தில் வைத்துத் தீருங்கள். சுவாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கவேண்டியது எதுவும் இல்லாத வீடாக ஒவ்வொரு வீடும் அமைய, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.