பிரத்தியட்சமும் அனுமானமும்

தென்னாற்காட்டுச் சீமையின் நெய்வேலியில், 1930களில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு கரிய துணுக்குகள் மேலெழுந்த வரலாற்றை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் பிறகு பழுப்பு நிலக்கரி தேடி அவ்வட்டாரமெங்கும் போர் போட்டுப் பார்த்தவர்கள், பூமியை வாளால் அரிந்து பக்கவாட்டில் நோக்குவதுபோல் வரைந்துவைத்த குறுக்குவெட்டுப் படங்களைக் கணினிக்குள் கொண்டுசேர்ப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

படத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு துளையையும் தரைப்படத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்தி, அடிக்கணக்கை மீட்டராக மாற்றி, கோடுகளைப் புள்ளிகளாக்கிவிடலாம். இவை பொறுமையால் ஆகிற காரியங்கள். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கிடைமட்டத்தில் அங்குலத்துக்கு 400 அடியும் செங்குத்தில் 40 அடியுமாக வரைந்த படத்தில், உண்மையில் ஒரு பாகையே சரிந்த படுகை ஏறக்குறைய பத்துப் பாகை சரிந்ததாகத் தோன்றும்.

ஆனால் என் மனம் லயிப்பது முறிகோடுகளில்தான். துளையில் கண்ட இடத்தில் அழுத்தமான கோடு, இரு துளைகளுக்கிடையே ஊகித்த இடத்தில் விட்டுவிட்டு இழுத்த கோடு: நம் தர்க்க சாஸ்திரம் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரித்ததை படம் வரைந்தவர்கள் பேனா முனையாலேயே பிரித்துக் காட்டினார்கள். முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், கணினி அந்த முறிகோடுகளையெல்லாம் ஒன்றாகத் தைத்துவிட்டதால், யாரும் துளையிடாத நிலத்திலும் நிலக்கரி இருப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஐயுற்று மூலப்படத்தை விரித்தேன். மங்கிய டிரேசிங் துணியில், அக்கோட்டின் மேல், பென்சிலால் சிறியதொரு கேள்விக்குறி! வரைந்தவரின் நேர்மை அங்கே அப்படியே நின்றது, நேயர்களே. அன்றுமுதல் ஒவ்வொரு கோட்டோடும் அது கண்டதா, ஊகித்ததா என்ற குறிப்பையும் சேர்த்தே பதிகிறேன். நெய்வேலியில் இது வெறும் அளவுக்கணக்கு அன்று. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது, ஆதலால் படுகையின் அடிக்கோடு பிழையானால் நீரிறைக்கும் திட்டமும் பிழையாகும்.

நேரம் நெருங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் போர் போடும் பணியில் இருந்திருந்து, அவருடைய குறிப்பேடோ சுருட்டிய படமோ பரணில் கிடக்குமானால், பழங்காகிதத்தோடு போட்டுவிடாமல், அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையில் ஒருமுறை காட்டுங்கள்.